ஞாயிறு காலை ஐந்தரை மணி: ஓயாத வேலைக்கு நடுவே வெளியே போக நேரம் ஒதுக்குவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: சென்னை மேடவாக்கத்தில் வீடு. கணவன், மனைவி இருவருக்கும் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், கூட மாமியார். வாரம் ஒருமுறையாவது மரம், தண்ணீர், கடற்கரை என்று எங்காவது போய்வர ஆசை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பலாம் என்று பேசும்போதே பதினோரு மணி ஆகிவிடுகிறது. கடைசியில் மாலுக்குப் போய்த் திரும்புகிறார்கள். நேரம் எங்கிருந்து எடுப்பது?

அந்தப் பதினோரு மணியில்தான் விஷயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை உங்களிடம் நேரம் இருக்கத்தான் செய்கிறது. "எங்கே போகலாம்?" என்ற பேச்சு அரை மணி, டிபன் ஒரு மணி, ஒவ்வொருவராகக் குளித்துத் தயாராக இன்னொரு மணி, தண்ணீர் பாட்டிலும் வண்டிச் சாவியும் தேட கால் மணி. இத்தனையும் அன்று காலையிலேயே நடப்பதால் வெயில் ஏறிவிடுகிறது. பதினொரு மணி வெயிலில் சென்னையில் குழந்தையையும் வயதானவரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போக முடியாது, ஏ.சி. உள்ள இடம்தான் மிஞ்சும். ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: முடிவெடுக்கும் வேலையையும் கிளம்பும் வேலையையும் ஞாயிறு காலையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலையில் எழுந்து, முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டுவது மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும்.

வெளியே போவதை மூன்று அளவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் இரண்டு முறை அரை மணி நேரம். வாரம் ஒருமுறை மூன்றரை மணி நேரம், அதாவது ஞாயிறு விடிகாலையில் கிளம்பி ஒன்பது மணிக்கு வீடு. மாதம் ஒருமுறை அரை நாள். மூன்றையும் பிடிக்க முடியாத மாதம் வந்தால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு ஞாயிறு காலையை மட்டும் காப்பாற்றுங்கள். அரை நாள் பயணத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள் வருடத்துக்கு நாலு முறை போனாலே பெரிது. கல்யாணம், காய்ச்சல், பரீட்சை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். மூன்றரை மணி நேரம் என்பது எதோடும் மோதாத அளவு.

ஏன் சனி வேண்டாம், ஞாயிறுதான் என்கிறேன் என்றால், அது ஐ.டி. வேலையின் கணக்கு. அமெரிக்கக் குழுவோடு வேலை செய்பவர்களுக்கு அவர்களுடைய வெள்ளிக்கிழமை நமக்குச் சனிக்கிழமை விடிகாலை வரை நீளும். வெள்ளி இரவு மென்பொருள் ரிலீஸ் என்றால் சனி காலை தூங்கத்தான் வேண்டும். ஞாயிறு காலை 5:30 என்பது அவர்களுக்குச் சனி மாலையோ இரவோ. அமெரிக்காவின் எந்த மூலையிலும் அலுவலகம் நடக்காத நேரம். தொலைபேசி அடிக்க மிகக் குறைந்த வாய்ப்புள்ள மூன்று மணி நேரம் வாரத்தில் இதுதான். விடுமுறையிலும் அழைப்பு வந்தால் எடுக்க வேண்டிய ஆன்-கால் முறை உங்களுடையதாக இருக்கும் வாரத்தில் மட்டும் தொலைவு போகாமல், பக்கத்தில் இருக்கும் பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவருக்குத்தான் முறை இருக்கும் என்பதால் மற்றவர் மகளைக் கூட்டிப் போகலாம்.

ஞாயிறு இப்படி ஓடும். 5:00க்கு எழுவது. காபி, பால் மட்டும். குளியல் கிடையாது, திரும்பி வந்துதான். 5:30க்குக் கதவு பூட்டியாயிற்று. 6 மணிக்கு இடத்தில். 8:00 வரை நடை, பார்ப்பது, உட்கார்ந்து சாப்பிடுவது. 8:30க்குத் திரும்பும் வழியில் காய்கறியோ மீனோ வாங்கிக்கொள்வது. 9:00க்கு வீடு. ஞாயிறின் மற்ற வேலைகள் எல்லாம் ஒன்பது மணிக்குப் பிறகு வழக்கம்போல நடக்கும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் ஞாயிறு மட்டும் 9:30க்கு வரச் சொல்லிவிடுங்கள். ஏழரைக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது அவருக்கும் சிரமம், அடுத்த வாரம் நீங்கள் கிளம்பாமல் இருக்க அதுவே காரணமாகவும் ஆகும். தண்ணீர் கேன், பால், செய்தித்தாள் போடுபவர்களுக்கும் இதே தகவல்.

சனிக்கிழமை இரவுதான் உண்மையான உழைப்பு, அதுவும் பதினைந்து நிமிடம். ஒரு பையை இதற்கென்றே வைத்து, வேறு எதற்கும் எடுக்காதீர்கள். காலேஜ் பை போன்ற முதுகுப்பை போதும். அதில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு தொப்பி, கொசு விரட்டும் களிம்பு, ஒரு துண்டு, மகளுக்கு ஒரு மாற்று உடை, பழைய பெட்ஷீட் ஒன்று, ஒரு சிறு டப்பாவில் பேண்டேஜும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், குப்பைக்கு ஒரு பை, சில்லறை இருநூறு ரூபாய், சிறிய நோட்டும் பென்சிலும். சனி இரவில் சேர்ப்பவை தண்ணீரும் சாப்பாடும் மட்டும். பெரியவர்களுக்குத் தலா 1 லிட்டர், குழந்தைக்கு முக்கால் லிட்டர். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்றரை மடங்கு. பாட்டிலை இரவே நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பையின் மேல் ஒரு காகிதத்தில் "பாட்டில்" என்று எழுதி வையுங்கள். எல்லாம் எடுத்துக்கொண்டு தண்ணீரை மறந்து போவதுதான் மிக அதிகம் நடப்பது. உடைகளை நாற்காலியில் மடித்து வைப்பது, வண்டியில் பெட்ரோலும் டயரில் காற்றும் பார்ப்பது, சாவியைப் பையின் முன்ஜிப்பில் போடுவது, இவையும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள்தான். மகளின் உடை முழுக்கை, முழுக்கால் சட்டையாக இருக்கட்டும். நீர்நிலை ஓரத்தில் விடிகாலையில் கொசு கடிக்கும், முள்ளும் கீறும். செருப்பு பின்வார் உள்ளதாக இருக்க வேண்டும்.

சாப்பாடு கையில் இருந்தால் எட்டு மணிப் பசி பயணத்தைக் கெடுக்காது. சனி இரவுக்கு வீட்டில் இட்லியே டிபன் என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. கூடுதலாகப் பன்னிரண்டு இட்லி ஊற்றுங்கள். இட்லியைச் சுடச்சுட டப்பாவில் அடுக்கினால் ஆவி மூடியில் நீராகி, அது சொட்டி, அடியில் இருப்பவை கூழாகிவிடும். தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், நாலு தேக்கரண்டி மிளகாய்ப்பொடியை மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் குழைத்து இரு பக்கமும் தடவுங்கள். குழந்தையின் இரண்டு இட்லிக்கு மட்டும் பருப்புப்பொடியும் நெய்யும். வாழை இலை விரித்த எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினால் காலையில் எண்ணெய் உள்ளே இறங்கி, இட்லி பஞ்சு போல இருக்கும். கோடையில் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் மூன்று நிமிடம் ஆவி காட்டினால் போதும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். அது முதலில் கெட்டுப்போகும், சிந்தினால் பையையும் கெடுக்கும்.

இனி, எங்கே? வாரா வாரம் புது இடம் தேடாதீர்கள். தேடல்தான் மீண்டும் அந்த அரை மணிப் பேச்சைக் கொண்டுவரும். வீட்டிலிருந்து அரை மணிக்குள் சேரக்கூடிய நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து, மாதத்தின் முதல் ஞாயிறு இது, இரண்டாம் ஞாயிறு அது என்று நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். ஒரே இடத்துக்கு மாதம் ஒருமுறை போவதில் சலிப்பு வராது. தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும், வந்த பறவை போவதும் போன பறவை வருவதும் தெரிவது அப்படிப் போனால்தான்.

மேடவாக்கத்துக்கு அந்த நான்கையும் தேர்ந்தெடுப்பது எளிது. சென்னையிலேயே இதற்கு வாகான பகுதிகளில் ஒன்று உங்களுடையது. முதலாவது பெரும்பாக்கம் சதுப்பு நிலம். சோழிங்கநல்லூர் சாலையில் பத்து நிமிடம். சாலையோரத்திலிருந்தே நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், நீளவால் இலைக்கோழி எல்லாம் தெரியும். பாட்டி வண்டியை விட்டு இறங்கி இருபது அடி நடந்தாலே போதும். இரண்டாவது பள்ளிக்கரணை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. தண்ணீர் மட்டம் குறைந்து சேறு தெரியத் தொடங்கும் மாதங்களில் பூநாரைகள் வந்து நிற்கும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் அரிவாள் மூக்கனும் இருக்கும். துரைப்பாக்கம்-பல்லாவரம் ரேடியல் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது ஆபத்து. பின்னால் லாரிகள் வேகமாக வரும். அங்கே வனத்துறை அமைத்திருக்கும் சூழலியல் பூங்காவின் நடைபாதையைப் பயன்படுத்துங்கள், திறக்கும் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொண்டு. மூன்றாவது கடற்கரை. சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை அல்லது நீலாங்கரை, விடிகாலையில் சாலை காலியாக இருக்கும்போது அரை மணிக்குள் சேரலாம். நான்காவதை உங்கள் தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஏதாவது ஓர் ஏரிக்கரையாக வையுங்கள். வண்டி கெட்டுப்போன ஞாயிறுக்கும் உடம்பு சோர்ந்த ஞாயிறுக்கும் அது.

வங்கக்கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் கடலிலிருந்து எழும். அதைப் பார்க்க வேண்டுமானால் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பது நினைவிருக்க வேண்டும்: சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சுமார் 5:42, ஜனவரி கடைசியில் சுமார் 6:35. ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம். ஜனவரியில் 5:30க்குக் கிளம்பினால் இருட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், மே மாதம் அதே நேரத்துக்குக் கிளம்பினால் உதயம் முடிந்திருக்கும். கிளம்பும் நேரத்தை வருடத்துக்கு இருமுறை, பிப்ரவரி கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்: கோடைக்கு 5:00, குளிர்காலத்துக்கு 5:45. கடலில் இறங்கிக் குளிப்பதை மட்டும் பயணத்திலிருந்து நீக்கிவிடுங்கள். இந்தக் கடற்கரைகளில் அடியிழுப்பு உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்றாலும் காலடி மணல் சரிந்து ஆள் விழுவார். அலை கணுக்காலைத் தொடும் இடத்தோடு நிறுத்தி, குழந்தையின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே இருங்கள்.

பறவை பார்க்கப் பழக்கமில்லாதவர்கள் முதல் நாள் "எல்லாமே கறுப்பாக இருக்கிறது" என்று ஏமாறுவது எதிர்வெயிலால். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் அதே பறவையின் நீலமும் பழுப்பும் தெரியும். பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றும்; ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் குறுகும், குழந்தையால் பறவையைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே மடக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் சின்ன வட்டம்தான் தெரியும். முதல் இரண்டு மாதத்துக்கு இது தேவையில்லை. பழக்கம் நிலைத்தபின் வாங்குங்கள்.

பருவத்துக்குத் தக்கபடி திட்டம் வளைய வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை காலையில் ஏழரைக்கே வெயில் சுடும். அந்த மாதங்களில் ஞாயிறு காலைக்குப் பதிலாக மாலைக் கடற்கரை நல்லது. நிலம் சூடேறச் சூடேற கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும், அதுதான் கடற்காற்று. பெரும்பாலும் நண்பகலுக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வந்துவிடும். மேற்கிலிருந்து வீசும் காற்று பலமாக இருந்தால் அது தள்ளிப்போகும். மூன்று மணிக்கும் உங்கள் மொட்டை மாடியில் காற்று மேற்கிலிருந்தே அனலாக அடித்தால், அன்றைக்கு மாலைப் பயணத்தை ஐந்தே முக்காலுக்குத் தள்ளிப்போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தூறலுக்குப் பயந்து ரத்து செய்ய வேண்டாம்; குடையோடு போனால் அந்த நாட்கள்தான் அழகு. வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தாலோ இடி இடித்தாலோ வீட்டிலேயே இருங்கள். பெருமழைக்கு அடுத்த இரண்டு நாட்கள் ஏரிக்கரை மேல் நடக்காதீர்கள். ஈரமண் கரை சரியும், பாம்புகளும் மேட்டுக்கு ஏறியிருக்கும். போகியன்று காலையும் தீபாவளிக்கு மறுநாள் காலையும் புகை மண்டிக் கிடக்கும், அன்று வேண்டாம். காணும் பொங்கலன்று மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் பக்கமே போக வேண்டாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை உங்கள் கடற்கரைக்கு ஒரு விருந்தாளி வரும். பங்குனி ஆமை அந்த மாதங்களில் இரவில் கரையேறி முட்டையிடும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவுதோறும் மாணவத் தன்னார்வலர்கள் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களும் கூட நடக்கலாம். நள்ளிரவு கடந்தும் நீளும் நடை என்பதால் ஏழு வயதுக் குழந்தைக்கு அது ஆகாது. குஞ்சு பொரிந்ததும் மாலையில் கடலில் விடுவதைப் பார்க்க அழைத்துப் போங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. மணலில் தானாகவே தவழ்ந்து போய் அலையைத் தொடும். குழந்தை பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கும். கைபேசி விளக்கை மட்டும் அணைத்துவிட வேண்டும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் போகும், உங்கள் விளக்கு அவற்றை நிலத்துப் பக்கம் திருப்பிவிடும்.

வார நாட்களின் அரை மணிக்கு அலுவலக நாட்காட்டிதான் கருவி. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, மாலை 5:15 முதல் 6:00 வரை தொடர் நிகழ்வாகப் போட்டு, "பிஸி" என்று காட்டச் செய்யுங்கள். தலைப்பில் நடை, பூங்கா என்றெல்லாம் எழுத வேண்டாம்; "வெளியில்" போதும். நடை அரை மணிதான், முன்னும் பின்னும் உள்ள கால் மணி, முந்தைய மீட்டிங் நீள்வதற்கும் செருப்பு மாட்டுவதற்கும். இங்கே உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படியே இருக்கும். நியூயார்க்கில் காலை 9 மணிக்குத் தொடங்கும் கால் கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. சென்னையில் வெளியே நடக்க மிக இதமான மாதங்களில்தான் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த மணியை நவம்பர் முதல் வாரமே நாட்காட்டியில் பிடித்துவிடுங்கள். விட்டால் இன்னொரு மீட்டிங் வந்து உட்கார்ந்துவிடும். நவம்பரில் சூரியன் 5:40க்கே மறைந்துவிடும், ஆகவே அந்த மாதம் மட்டும் 5 மணிக்கே இறங்கிவிடுவது நல்லது. ஜூலையில் 6:40 வரை வெளிச்சம் உண்டு.

அலுவலகம் போகும் நாளில் மதிய உணவுக்குப் பின் வெயிலில் நடக்க முயல்வது நாலு நாள்கூட நிற்காது. நாலரை மணி டீயை வளாகத்தின் மர நிழலில் நின்று குடித்து ஒரு சுற்று வருவது நிற்கும்.

மாதாந்திர அரை நாளுக்கு ஒரே விதி: நண்பகலுக்குள் திரும்பும் பாதையில் இருக்க வேண்டும். வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தால், நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கூடுகட்டி நிறைந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டில் போய் ஏமாற வேண்டாம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள். மேடவாக்கத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, படாளம் வழியாக. காலை 5:00க்குக் கிளம்பினால் ஏழுக்குள் சேர்ந்துவிடலாம். கரைமேல் நடைபாதையில் மெதுவாக இரண்டு மணி நேரம். நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம். ஞாயிறு மாலை செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் நிறைந்து நகராது. அந்த நெரிசலில் ஒருமுறை மூன்று மணி நேரம் சிக்கினால் அடுத்த மாதம் யாரும் கிளம்ப மாட்டார்கள். பத்தரைக்கு அங்கிருந்து புறப்பட்டால் சாலை காலி. வண்டலூர் உயிரியல் பூங்கா காலை 9 மணிக்குத்தான் திறக்கும், செவ்வாய் விடுமுறை. நடக்க வேண்டிய தூரமும் அதிகம். அதை டிசம்பர், ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்ட அலுப்பாக இருக்கும் மாதம் தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் செங்கல்பட்டு போங்கள்; நிலையத்துக்குச் சற்று முன் கொளவாய் ஏரி ரயிலை ஒட்டியே விரியும். ஜன்னலோர இருக்கையும் அந்த ஏரியும் குழந்தைக்கே போதும்.

அரை நாளுக்குத் தயிர்சாதம் கட்டுபவர்கள் வீட்டிலேயே தயிர் முழுக்க ஊற்றிப் பிசைந்தால் பதினொரு மணிக்குப் புளித்துவிடும். ஒரு டம்ளர் அரிசிச் சாதத்தைக் குழைய வடித்து மசித்து, இரண்டு டம்ளர் காய்ச்சி ஆறிய பால், இரண்டே மேசைக்கரண்டி தயிர் சேர்த்து எடுத்துப் போங்கள். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும்.

மாமியாரை வீட்டில் விட்டுப் போவதாக இருந்தால் அவர் தனியாக இருக்கிறாரே என்ற உறுத்தலில் ஒரு கட்டத்தில் எல்லாம் நின்றுவிடும். அவரையும் சேர்த்துத் திட்டமிடுங்கள், ஆனால் எல்லா ஞாயிறும் வேண்டாம். உட்கார இடம் உள்ள இரண்டு ஞாயிறுகளுக்கு அவர் வரட்டும். மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டால் கடற்கரையிலும் அவருக்கு இடம் உண்டு. கழிப்பறை விஷயத்தை வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். பெண்களும் வயதானவர்களும் வர மறுப்பதற்குப் பல வீடுகளில் சொல்லாத காரணம் அதுதான். தண்ணீரே குடிக்காமல் வந்து தலைவலியோடு திரும்புவார்கள். நான்கு இடங்களுக்கும் வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில், எந்த ஓட்டலில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று முதல் முறை போகும்போதே பார்த்து, நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு அங்கே ஒரு வேலை கொடுங்கள். நோட்டும் பென்சிலும் அவள் பொறுப்பு. தேதி, இடம், பார்த்தது என்ன, எத்தனை என்று அவள் எழுதட்டும். "இது என்ன சொல்லு" என்று பரீட்சை வைத்தால் மூன்றாவது வாரம் வரமாட்டேன் என்பாள். பெயர் தெரியாவிட்டால் "சிவப்புக் கால், நீளம்" என்று அவள் எழுதினாலே நெடுங்கால் உள்ளான் என்று பிறகு கண்டுபிடித்துவிடலாம். ஏழு வயதுக்கு மெதுநடையில் இரண்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. அவள் நன்றாக இருக்கும்போதே திரும்புங்கள். அழுகையோடு முடிந்த பயணம்தான் அவள் நினைவில் நிற்கும்.

இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் பழக்கம் உறுதிப்படும். அவர்கள் காத்திருப்பார்களே என்று நீங்களும் எழுவீர்கள். ஒரு குடும்பம் மட்டும். நாலு குடும்பமாகிவிட்டால் கிளம்பும் நேரம் ஏழாகும், சாப்பாட்டுப் பட்டியல் நீளும், வாட்ஸாப் குழுவில் இடம் பற்றிய விவாதம் வியாழக்கிழமையே தொடங்கிவிடும். சேர்ந்து போகும்போதும் "5:30க்குக் கிளம்பிவிடுவோம், தாமதமானால் நேரே இடத்துக்கு வந்துவிடுங்கள்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

எவ்வளவு சரியாகச் செய்தாலும் இது அறுந்து போகும் காலம் வரும். முகூர்த்த மாதம், காலாண்டுப் பரீட்சை, புராஜெக்ட் நெருக்கடி, வீட்டில் காய்ச்சல் என்று தொடர்ந்து மூன்று நான்கு ஞாயிறுகள் போய்விடும். திரும்பத் தொடங்கும்போது விட்டதற்கு ஈடாக வேடந்தாங்கல் என்று பெரிதாகத் திட்டமிட்டால் அதுவும் தள்ளிப்போகும். நடந்து போகும் ஏரிக்கரையில் தொடங்குங்கள், ஒரு மணி நேரம் போதும். அதற்கு முந்தின சனி இரவு பையைக் கவிழ்த்து ஒருமுறை பாருங்கள். பாட்டிலில் வாடை வந்திருந்தால் வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றி அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள். களிம்பும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் காலாவதியாகவில்லையே என்று தேதி பாருங்கள். மாற்று உடையையும் பின்வார் செருப்பையும் மகளுக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டு மாத இடைவெளியில் கால் வளர்ந்திருக்கும், அது தெரிய வருவது ஞாயிறு காலை 5:25க்கு வாசலில் என்றால் அந்த ஞாயிறும் போய்விடும்.